இருபத்தெட்டாவது பத்திரிகை

திருப்பூரில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும், வாழ்நாளில் ஓர் அடிகூட வீணாக நடக்காத ஆள் ஒருவன்தான் தேறுவான். அவன் கிலோமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அருள்புரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் லைனிலேயே குடியிருந்த குடும்பம். நான் பேக்கிங் செக்‌ஷனில் இருந்த பனியன் கம்பெனியில் அவன் அப்பா அயர்ன் மாஸ்டர். பையன் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. பிஎச்டி, நாலாவது வருஷம். நிறைய ஊர்களுக்குப் போய்விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், தூரமும் குறைவாக இருக்க வேண்டும். அந்த வழியைக் கம்ப்யூட்டர் சட்டென்று கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

“அதுக்கெதுக்கு கண்ணு நாலு வருசம்? மினி பஸ் டிரைவரைக் கேட்டா சொல்லிப்போடுவானே!” என்றார் என் அம்மா.

“இருபது ஊருன்னாலே, எல்லா வரிசையையும் ஒண்ணொண்ணாப் பாத்து முடிக்கதுக்குள்ள கம்ப்யூட்டருக்கே நரை விழுந்துரும்மா.”

“அப்ப உனக்கு?”

கிலோமீட்டர் காலையில் வாயில் பிரஷ்ஷோடு குடத்தைக் குழாயடியில் வைப்பான். அது நிறைவதற்குள் பால் வாங்கி, டீக்கடையில் பேப்பர் மேய்ந்து, குடத்தோடு வீடு திரும்பித்தான் வாய் கொப்பளிப்பான். அதுவரை யார் எதைக் கேட்டாலும் நுரை தள்ளத் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பி அவனுக்கும் சேர்த்து இரண்டு சீட்டுப் போட்டவர்கள் உண்டு.

எதிர் வீட்டுக் காதுகுத்தில் பரிமாறுகிறேன் என்று வாளியைத் தூக்கினான். சமையல்கட்டில் எந்தப் பாத்திரம் பந்திக்குப் பக்கமோ அதை முதலில் பரிமாறினால் நடை மிச்சம் என்று கணக்கு. பாயசம் பக்கத்தில் இருந்தது. பின்னாலேயே ரசம் வந்தது.

“ஏனுங் தம்பி, சோறு எப்பங்க வரும்?” என்றார் ஒரு பெரியவர், இலையில் ஓடிய ரசத்துக்கு அணை கட்டியபடி.

“கடைசிச் சுத்துலய்யா. மொத்தத்துல நானூறு அடி மிச்சம்.”

இதையெல்லாம் கண்ணால் பார்த்தும் என் தங்கை கல்யாணத்துக்கு நான் அவனிடம் போனேன் என்றால், என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. பத்திரிகை வைக்க ஐம்பது வீடு. ஷிப்மெண்ட் நேரம், எனக்கு லீவு மூன்றே நாள். அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: “மொதல்ல சாமிக்கு. அப்பறம் மூலனூர்ல தாய்மாமனுக்கு. அதுக்கப்பறந்தான் ஊரு.”

“மூலனூர் கடைசில இருக்கு! வழியில உள்ள வீட்டையெல்லாம் தாண்டிப் போயி, திரும்பி வந்து, மறுபடி அதே வழியாவா? அநியாயம்ணே!” என்று கிலோமீட்டர் பதறினான். காலேஜ் கம்ப்யூட்டரில் வழி போட்டு, தாளில் அச்சடித்தும் கொண்டுவந்தான். ஐம்பது வீட்டுக்கும் மூன்றே நாள். சாமிக்கு மட்டும் முதலில் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாமல் அவனைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

இரண்டு நாளில் இருபத்தேழு வீடு. கடைசியாக வெள்ளகோவிலில் ஒரு முருங்கைக்காய் வியாபாரி. தூரத்துச் சொந்தம், மாமாவுக்குச் சந்தையில் ஜென்மப் பகையாளி. அன்று ராத்திரி உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். நாங்கள் காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது, அந்த ஆள் மூலனூர்ச் சந்தையில் பத்திரிகையை விசிறியாக வீசியபடி, “ஏனுங், உங்களுக்கு இன்னும் வரலீங்களா?” என்று மாமாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தாலே “டேய் மாப்பளே!” என்று தெருவே திரும்பக் கத்துகிற மாமா, அன்று நாங்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று, “வாங்க தம்பி, உக்காருங்க” என்றார். எங்கள் பக்கம் மரியாதை கூடினால் ஆபத்து என்று அர்த்தம்.

“இது எத்தனாவது பத்திரிகைங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் கிலோமீட்டர் பெருமையாகச் சொன்னான்: “இருபத்தெட்டாவதுங்கய்யா. உங்ககிட்ட முதல்ல வந்திருந்தா நூறு கிலோமீட்டர் வீணாப் போயிருக்கும்!”

“அப்ப எங்கூட்டுக்கு வர்றது வீணுங்களா?” என்றார் மாமா. “கலியாணம் நல்லா நடக்கட்டுங்க. நமக்குத் தோட்டத்துல வேலை கெடக்குதுங்க.”

மிச்சப் பத்திரிகைகளை வைக்காமலே திரும்பினோம். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆனது. அம்மாவும் அப்பாவும் போய்க் கெஞ்சினார்கள். அவர்களுக்கும் காப்பியும் மரியாதையும்தான் கிடைத்தன. “மாமா வராம நான் மேடை ஏற மாட்டேன்” என்று தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பத்து நாள்.

கிலோமீட்டர் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. “தப்பு என்னோடதுண்ணே. நான் சரி பண்ணுதேன்.” அத்தோடு ஆளைக் காணோம்.

மறுநாள் போன் அடித்தது. “ஏனுங், கலியாணம் நின்னு போச்சுங்களா?” வைத்தால் அடுத்தது. “மாப்பளை ஊட்ல ஏதாச்சுங்களா?” விசாரித்தால், அந்தப் படுபாவி பஸ் பஸ்ஸாக ஏறி, வீடு வீடாகப் போய், வைத்த பத்திரிகையைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறான்! அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு டெம்போ. “டேய் மாப்பளே!” என்றொரு சத்தம். லைன் வீடே திரும்பியது. தங்கை கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

மாமா சிரிப்பும் இருமலுமாகச் சொன்னார். “மஞ்சப்பையில இருந்து இருபத்தேழையும் எம் முன்னால கொட்டிப்போட்டு, ‘இப்ப யாரு வீட்லயும் பத்திரிகை இல்லீங்கய்யா. நீங்க முதல்ல வாங்கிக்கிடுங்க’ன்னானே பாரு! வெள்ளகோயில்காரன்கிட்டயுமான்னு கேட்டேன். எடுத்துக் காட்டறான்! தர்ற வரைக்கும் அவனூட்டு வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தானாமா.”

மறுபடி இருபத்தேழு வீட்டுக்கும், மிச்சமிருந்த வீடுகளுக்கும் மாமாதான் அவனை டெம்போவில் கூட்டிப்போனார். வெள்ளகோவிலில் தானே இறங்கி, தன் கையாலேயே பத்திரிகை வைத்தாராம். கல்யாணத்தில் அவர் குரல்தான் மேளத்தை மிஞ்சியது.

‘இதில் புதுசா என்ன இருக்கிறது?’ என்று நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அவன் ஆராய்ச்சி கைடு, அதன் பிறகு கேட்கவில்லை. யாருக்குப் பிறகு யார் என்ற கட்டாயத்தையும் மீறாமல் சீக்கிரம் வழி கண்டுபிடிக்கிற முறை ஒன்றைக் கிலோமீட்டர் எழுதிவிட்டான். இப்படிக் கட்டாயம் எங்கே வரும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்களாம். “மூலனூர்ல வரும் சார்” என்றானாம். டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அதே மஞ்சப்பையோடு வாசலில் நின்றான். அவன் கல்யாணப் பத்திரிகை.

“எத்தனாவதுடா?” என்றேன்.

“சாமிக்கு வச்சாச்சு. மூலனூர் மாமாவுக்கு வச்சுட்டு நேரா இங்க வாரேன். வீட்டுக் கணக்குல நீங்க ரெண்டாவதுண்ணே. இனிமேத்தான் கோவில்பட்டி.”

பெங்களூர், மூலனூர், திரும்ப அருள்புரம், பிறகு கோவில்பட்டி. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஓர் அடி வீணாக்காத பயல் எங்களுக்காக எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறான்! கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து இலையைப் போட்டேன்.

“சோறு முதல்லயா, பாயசம் முதல்லயாண்ணே?” என்றான்.

“எது வேணா மொதல்ல வரட்டுமுடா,” என்றேன். “நீ வந்தியே, அது போதும்.”