சாய்வு சாரும் சுயபராமரிப்பு வாரமும்

மனிதனுக்கு வரும் வலிகளெல்லாம் அவனவன் அலட்சியத்தால் வருபவையே என்ற பேருண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை, அந்தக் குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மேலாளரையே சாரும். புது நாற்காலி கேட்டு வந்த ஒரு விண்ணப்பத்தை மடித்து வைத்தபோது அவருக்கு இது உதித்தது.

விண்ணப்பித்தவர் தபால் பிரிவு எழுத்தர். அவருடைய நாற்காலியின் வலப்பக்கக் கால் எப்போதோ தளர்ந்துவிட்டது. இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் அசையாமல் நிற்கும், நிமிர்ந்தால் கவிழ்த்துவிடும். அவரும் அதன் மனம் கோணாமல், தன் முதுகைக் கோணவைத்துக்கொண்டு வேலை பார்த்தார். அலுவலகத்தில் அவருக்கு 'சாய்வு சார்' என்றே பெயர். இடுப்பில் பிடித்த வலி இப்போது தொடைவரை இறங்கியிருந்தது. வீட்டில் கைகளை உயர்த்திக்கொண்டு ஓடிவரும் சின்ன மகளைத் தூக்க முடியவில்லை. அவள் வளர்ந்துவிடுவதற்குள் மறுபடி தூக்கிவிட வேண்டும். அவர் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

நாற்காலி என்ற அற்பத் தீர்வுக்கு மேலாளர் இறங்கவில்லை. 'சுயபராமரிப்பு வாரம்' அறிவித்து, முதுகெலும்பைக் கையாலேயே சீர்செய்யும் கைரோபிராக்டர் ஒருவரை வரவழைத்தார். அவர் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கைக்குழந்தைபோல ஏந்தி வந்தார். அரைமணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும், தோளைச் சுழற்ற வேண்டும், இடுப்பை மெல்ல இருபுறமும் திருப்ப வேண்டும், பிடித்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்க வேண்டும் என்றார். எல்லாம் நல்ல யோசனைகள். எழுவதற்கு மேலாளரின் முன்அனுமதி தேவை என்ற சிறு திருத்தத்துடன் அவை ஏற்கப்பட்டன.

பிறகு நிபுணர் சாய்வு சாரை முன்னால் நிறுத்தி, முதுகில் விரல் ஓட்டினார்.

“இடது பக்கமே சாஞ்சு உட்கார்றீங்களா?”

“அப்படி உட்கார்ந்தாத்தாங்க நாற்காலி நிக்குது.”

“நாற்காலியை விடுங்க. நான் உடம்பைப் பத்திப் பேசறேன்.”

“அவர் உடம்பும் நாற்காலியைப் பத்தித்தான் பேசுது” என்றார் பின்வரிசையிலிருந்து தட்டச்சர் அக்கா.

எழுந்த சிரிப்பை மேலாளர் 'ஒத்துழையாமை' என்று கருதினார்.

சாய்வு சார் சிரிக்கவில்லை. சொன்னதையெல்லாம் வீட்டில் சிரத்தையாகச் செய்தார். விடுமுறை நாட்களில் வலி விலகிக்கொண்டே வந்தது. ஞாயிறு மாலை மகளைத் தூக்கியே விட்டார். அவள் அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். நாளைக்கும் தூக்க வேண்டும் என்றாள். தூக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

திங்கள் மதியத்துக்குள் வலி தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டது. வீட்டில் விலகும் வலி அலுவலகத்தில் வருவானேன் என்று மேலாளர் ஆழ்ந்து சிந்தித்தார். அலுவலக நேரத்தில் சாய்வு சார் உடம்பைக் கவனிப்பதில்லை என்ற முடிவுக்கு வந்து, நேரே அவர் மேசைக்கே போனார்.

“நிமிர்ந்து உட்காருங்க. எத்தனை தடவை சொல்றது?”

“விழுந்துடுவேன் சார்.”

“முதல்ல மனசுல இருக்கற பயம் போகணும். நிமிருங்க.”

மகளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அவர் நிமிர்ந்தார். நாற்காலி தன் கொள்கையில் உறுதியாக இருந்தது.

மாலையில் இருவர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். வழக்கம்போலக் கைகளை உயர்த்திக்கொண்டு ஓடிவந்த மகள், கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து, அவர் அக்குளில் கைகொடுத்து, அவரைத் தூக்கப் பார்த்தாள்.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. உடனே விசாரணை நடந்தது. நாற்காலி நடுக்கூடத்தில் வைக்கப்பட்டது. விசாரணையின் நடுநிலைமை கெட்டுவிடக் கூடாதே என்று யாரும் அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது:

'நாற்காலி நல்ல நிலையில் உள்ளது. முன்பு இதில் அமர்ந்த எழுத்தர்களும் இதே முதுகுவலியால்தான் வேலையை விட்டு விலகினர் என்பது, இங்கே ஊழியர்களின் சுயபராமரிப்பு எத்தனை காலமாகச் சீர்கெட்டுக் கிடக்கிறது என்பதற்குச் சான்று. எனவே, புதிதாக வரும் எழுத்தருக்கு முதல் நாளிலேயே பயிற்சி அளிக்கப்படும். நாற்காலி தயாராக இருக்கிறது.'