வெள்ளை கட்டிய அறை

மொன்றியல்
12-11-2007

பேரன்புள்ள திரேசம்மா அண்ணிக்கு,

மடுமாதா உங்களையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்க மன்றாடி, அருமைராசா எழுதுவது. நானும் பிலோமினாவும் உடம்பளவில் சுகம்.

பேனாட் அண்ணை மன்னாரில் கண்ணை மூடிய செய்தி வந்த நாள் முதல் எனக்குக் கண்ணீரே வரவில்லை. அகதி வழக்கு முடியாமல் இங்கிருந்து அசையவும் வழியில்லை. பெட்டி தூக்கவும் போகாத, அழவும் செய்யாத தம்பியென்று கோயிலில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். இந்த நிலையில் ஒரு வெட்கக்கேடு நடந்தது. வேறு யாரும் சொல்லமுன் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு சீனப்பிள்ளை இருக்கிறாள். பெயர் மெய். பெயர்தான் மெய், மற்றதொன்றும் எனக்கு விளங்காது. ஓவியம் படித்தவளாம், தூரிகை பிடித்து நான் கண்டதில்லை. எங்கள் உடைந்த சூட்கேசைக் கேட்டு வாங்கி, அதற்குள் மண்ணை நிரப்பிப் படம் எடுத்தாள். கேட்டால், சீனாவில் இளம்பிள்ளைகள் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள், ஐரோப்பாக்காரர் பிளேன் ஏறிப்போய் வாங்குகிறார்கள் என்கிறாள். சனிக்கிழமை கதவைத் தட்டி, "அங்கிள், அப்பாவுக்காக ஒரு அறை செய்திருக்கிறன், கட்டாயம் வாங்கோ" என்றாள். முகம் வாடியிருந்தது. பாவம், தகப்பன் போய்விட்டார் என்று நாங்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு போனோம்.

அவள் சொன்ன மண்டபத்துக்குப் போனால் அண்ணி, எங்கட ஊர்ச் செத்தவீடு மாதிரியே மேலே வெள்ளைத்துணி கட்டியிருக்கு. நடுவில் உட்கார ஆளில்லாமல் ஒரு வெறுங்கதிரை, காலடியில் ஒரு சோடிப் பழஞ்செருப்பு. சனம் சத்தமில்லாமல் சுற்றி நிற்குது. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெய்யின் கையைப் பிடித்தேன். பிலோமினா கதிரையடியில் குந்தியிருந்து ஒப்பாரி தொடங்கினாள். செருப்பைப் பார்த்தன், அண்ணையின்ரை செருப்பைப் போலவே குதி ஒருபக்கம் தேஞ்சு கிடந்தது. அவ்வளவுதான். அண்ணை அண்ணை எண்டு நான் குழறின குழறலிலை வெள்ளைக்காரரும் கண்ணைத் துடைத்து, முடிவில் எல்லாரும் கைதட்டினார்கள். செத்தவீட்டில் கைதட்டின சனத்தை அன்றுதான் கண்டேன்.

மெய் என்னை வெளியே கூட்டிவந்து, "அங்கிள், இது கண்காட்சி. அப்பா சாகேல்லை. நான் இந்த வேலை செய்யிறது பிடிக்காமல் என்னோடை கதைக்கிறேல்லை" என்றாள்.

"உயிரோடை இருக்கிறவருக்கே, பிள்ளை, வெள்ளை கட்டினனீ?"

"இருக்கிறார் அங்கிள். எனக்கு இல்லையே."

கோபமும் வந்தது, அவளைப் பார்க்க அழுகையும் வந்தது. இனி அந்த மண்டபப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசையில் என் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்.

வரமுடியாத தம்பி,
அருமைராசா

பி.கு.: தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்ற வரியை வெட்டிவிடுங்கள். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் அண்ணைக்கும் ஒன்று போட்டிருக்கிறேன் என்று மெய் இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். நாளைக்கும் போறம். கை தட்டிறவை தட்டட்டும்.