வான்கோழி வயிற்றில் ஒரு புட்டி

மருந்து மிச்சம் பிடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவில், எங்கள் ஒஹையோ மாநிலத்தில் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததை நாலு நாள் தின்று, மிச்சத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்து, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைச் சுளித்தால் போதும், வேலிக்கு மேலே கையை நீட்டி, "இதப் போடு, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்பவர். இடுப்பா, பல்லா என்று விசாரிப்பாரா? மாட்டார்.

எங்கள் வெண்டல் க்ருப்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டித் தேய்ந்த முழங்கால். ஒரு வலி மாத்திரை உள்ளே போனால்தான் வியாழக்கிழமை, கட்டைகளை உருட்டிச் சாய்க்கும் பௌலிங் பந்தைத் தூக்குவார். அந்த மாத்திரை மாரடைப்பை வரவழைக்கிறது என்று ஒரு செப்டம்பரில் கம்பெனியே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அதையே தின்றுகொண்டிருந்த நாங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தோம். ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த வெண்டல், புட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாக் கேக்குற மருந்தாப் பாத்துதான் நிறுத்துவானுங்க!" என்றார்.

அப்புறம் வீடு வீடாக வந்து, "நீங்க ஏன் அலையறீங்க? மருந்துக் கடையில நானே திருப்பிக் குடுத்துடறேன்" என்று எல்லோருடைய மிச்சத்தையும் வாங்கிப் போனார். நானும் கொடுத்தேன். எவ்வளவு தங்கமான மனிதர் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி ஆர்லீனுக்குச் சந்தேகம். அலமாரி, கார், பௌலிங் பை என்று சல்லடை போட்டுச் சலித்தாள். அகப்படவில்லை. எப்படி அகப்படும்? எல்லாவற்றையும் ஒரே புட்டியில் திணித்து, உறைபெட்டியில் கிடந்த வான்கோழியின் வயிற்றுக்குள் அல்லவா ஒளித்திருந்தார்! அடுப்படியை எட்டிப் பார்த்தறியாதவர். சுடுவதற்கு முன் உள்ளே கைவிட்டு, கடைக்காரன் வயிற்றில் திணித்துத் தரும் கழுத்தையும் ஈரலையும் எடுப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது?

நவம்பரில், வீட்டுக்கு வீடு வான்கோழி சுடும் நன்றித் திருநாள் காலை, பெரிய தட்டு ஒன்று இரவல் கேட்டு நான் போனபோது ஆர்லீன் கோழிக்குள் கையை விட்டிருந்தாள். கழுத்து வந்தது. ஈரல் வந்தது. புட்டி வந்தது.

"வெண்டல், இந்தக் கோழிக்கு மூட்டுவலியா?"

"இருக்கும்மா. வயசான கோழி."

நான் சிரித்துவிட்டேன். ஆர்லீன் சிரிக்கவில்லை.

"முட்டி வலிச்சா நான் புடிச்சு விடுறேன். நெஞ்சு நின்னுபோச்சுன்னா எதப் புடிக்கிறது? எனக்கு நீ வேணும்யா, மனுசா."

அவள் மாத்திரைகளை, யாரும் மறுபடி பொறுக்க முடியாதபடி, காப்பிச் சக்கையில் கொட்டிப் பிசைந்து குப்பையில் போட்டாள். வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சவ அடக்கத்துக்கு வந்தவர் போல நின்றார்.

"தல வெடிக்குது!" என்று ஆர்லீன் கைப்பையைத் திறந்து, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது என்ன மாத்திரை?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? அக்கா குடுத்தா. நல்லாக் கேக்குது. உனக்கு ஒண்ணு வேணுமா?"

எனக்குக் கழுத்தில் பிடிப்பு. கையை நீட்டினேன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. சிரித்து முடித்ததும் உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எதற்கு வாங்கியது என்றே நினைவில்லாத அந்தப் பாதி அட்டை மாத்திரையை, யாராவது 'அம்மா' என்று முனகினால் எடுத்து நீட்டலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அதன் முதுகில் காலாவதித் தேதி போட்டிருக்கும்.