மூன்று நாட்டுக் கொலைகள்

“மூணு நாட்டுக் கொலைல எதுங்க உசத்தி?”

டிவிடி வாடகைக் கடையில், கல்லாவில் நின்ற ஹிசாகோவிடம் வாடிக்கையாளர் முரோய் இப்படிக் கேட்டார். ஒரே துப்பறியும் நாவலை ஜப்பான், கொரியா, சீனா மூன்றிலும் முடிவை மட்டும் மாற்றிப் படமெடுத்திருந்தார்கள். மூன்றும் அவளுக்கு மனப்பாடம். அன்றிரவு நோட்டில் பதினோரு பக்கம் பதில் எழுதினாள். நேரில் சொல்லத்தான் தைரியமில்லை.

அவர் முதலில் ஜப்பான் படத்தை எடுத்துப் போயிருந்தார். மூன்றும் முடிந்தால் பிறகு எதற்கு வருவார்?

ஊழியர்கள் கைப்பட எழுதி அலமாரியில் செருகும் பரிந்துரை அட்டை நினைவுக்கு வந்தது. அவர் கண்ணில் படட்டும் என்று எழுதி வைத்தாள்: ‘ஜப்பானில் கொன்றுவிட்டு மனைவி அழுவதேயில்லை. அந்த முகம்தான் உசத்தி.’

மறுநாளே மேலாளர் தோகுரா அட்டையோடு வந்தார்.

“ஏம்மா, கொன்னது யாருன்னு நீயே சொல்லிட்டா எவன் எடுத்துட்டுப் போவான்? நாலு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க!”

“சரி பண்ணிடறேன் சார்.”

அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘கவலை வேண்டாம். கொரியாவில் கொல்வது பக்கத்து வீட்டுக்காரர்.’

“அய்யோ, இப்ப ரெண்டும் போச்சே!”

பதறிப்போய் இன்னொரு வரி: ‘சீனாவில் டாக்டர். கடைசியில் போலீஸ் பிடித்துவிடும்.’

தோகுரா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அலமாரிப் பக்கம் ஈ காக்கை வரவில்லை, முரோயைத் தவிர. அவர் வாராவாரம் வந்தார், அட்டையை நிதானமாகப் படித்தார், “பிரமாதங்க” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் சீனப் படமும் திரும்பி வந்தது.

“மூணும் முடிஞ்சுதுங்க,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஹிசாகோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு... எந்தக் கொலை பிடிச்சுது?”

“அது வந்து... அந்த...”

வரிசையில் பின்னால் நின்ற மின்சாதனக் கடைக்கார அம்மாள் ஓதானி எட்டிப் பார்த்தாள்.

“முரோய் சார், நீங்களா? உங்க வீட்டு டிவி, பிளேயர் ரெண்டும் ரிப்பேராகிப் போன வருஷமே நான்தானே வந்து தூக்கிட்டுப் போனேன்! புதுசும் வாங்கல. எதுல போட்டுப் பாக்கறீங்க?”

முரோயின் காது இரண்டும் சிவந்தன. ஹிசாகோவின் காதும்தான்.

அவர் அலமாரிக்குப் போய் ஜப்பான் படத்தையே மறுபடி எடுத்து வந்து கல்லாவில் வைத்தார். ஏழு நாள் கெடுவுக்கான சீட்டை அவள் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கி, ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்.