முதல் கப்பலுக்கான பட்டியல்

நான்கு பக்கமும் கடலும், கடலைப் பார்த்து ஒரே ஒரு வாசலும் கொண்ட நாடு பத்திரபுரி. அந்த வாசலை மன்னர் மூன்று வருடங்களுக்கு முன்பு மேளதாளத்தோடு மூடினார். அயல்நாடுகளில் கடல்காய்ச்சல் என்ற கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தது. அது கப்பலில்தான் வரும் என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருந்தார். காய்ச்சல் அதற்கு முந்தின வாரமே வந்து இறங்கி, சந்தைத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை யாரும் மன்னரிடம் சொல்லவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் அவ்வளவு கம்பீரமாக நிற்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சொந்தக் குடிமக்களுக்கு, இருக்கிற இடத்திலேயே பத்திரமாக இருக்கும்படி அன்பான ஒரு செய்தி போனது. உள்ளே இருந்தவர்களுக்கு வாரச்சீட்டு வந்தது.

வாரச்சீட்டு எளிமையான ஏற்பாடு. தெருமுனைக்கு ஒரு மஞ்சள் தகரப்பெட்டி. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு சீட்டு அதில் விழவேண்டும். யார் இருமுகிறார்கள், யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததை அதில் எழுதலாம். எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெறுஞ்சீட்டு போடுகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளப்படும் என்றது அறிவிப்பு. பத்திரபுரி மக்களுக்குத் தண்டனையைவிடக் குறித்துவைப்பதில்தான் பயம் அதிகம். முதலில் சிலர் செத்துப்போனவர்களின் பெயரை எழுதிப் போட்டார்கள். அதற்கும் ஓர் ஆணை வந்தது: உயிரோடு இருப்பவர்கள் மட்டும்.

துறைமுகத் தெருவில் சூட்கேஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அருணகிரியின் கதை இது. கைப்பிடி, சக்கரம், ஜிப் எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுப்பார். வாசல் மூடியதும் கடையும் மூடியது மாதிரிதான். குடைக்குக் கம்பி மாற்றியும் பள்ளிக்கூடப் பைக்கு வார் தைத்தும் காலத்தை ஓட்டினார். மனைவி இல்லை. ஒரே மகள் மேகலா கடலுக்கு அந்தப் பக்கம், மறுகரை நாட்டில். வாசல் மூடிய ஆறாம் மாதம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பேரனை அருணகிரி போனில்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளை போனைக் காட்டித்தான் தாத்தா என்கிறதாம். மேகலா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வெறுஞ்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டில் பூரணி தனியாக இருந்தாள். பள்ளியில் பாட்டு டீச்சர். அவள் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று ஆம்பிளைச் செருப்பு. அறுந்த வாரைக் கம்பி போட்டு முறுக்கியிருந்தது. அருணகிரிக்கும் பூரணிக்கும் எந்தச் சண்டையும் கிடையாது. சீட்டு காலியாக இருந்தது, கண்ணில் ஒன்று பட்டது, அவ்வளவுதான். ‘எதிர்வீடு. இரண்டு ஜோடிச் செருப்பு’ என்று எழுதிப் பெட்டியில் போட்டார். பெயர் எழுதவில்லையே என்று பிற்பாடு பல நாள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அந்தச் செருப்பு பூரணியின் தம்பி சந்தானத்தினுடையது. மறுகரையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தவன், அக்கா மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து ஒத்தையாய்க் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு மீன்படகில் ஒளிந்து வந்திருந்தான். எதிர்வீட்டில் இருந்த அருணகிரிக்கு அவள் கால் முறிந்த விஷயமே தெரியாது. அப்போதெல்லாம் அடுத்த வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, ஜன்னல் வழியாக எண்ணுவதோடு சரி.

சந்தானத்துக்குக் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் அவனையும் அக்காவையும் மணல்திட்டில் இருந்த தனிமைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கே நாள். ஆனால் புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் எல்லாருக்கும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும் என்பது விதி. பதினான்கு முடிவதற்குள் ஒவ்வொரு தடவையும் யாராவது வந்துகொண்டிருந்தார்கள். கொட்டகையில்தான் அவனுக்குக் காய்ச்சல் தொற்றியது. ஒன்பதாவது தடவை எண்ணியபோது, பதின்மூன்றாம் நாள் செத்துப்போனான். பூரணி நொண்டிக்கொண்டு வீடு திரும்பினாள். அருணகிரி தன் ஜன்னலை அன்று சாத்தியவர்தான், அப்புறம் திறக்கவே இல்லை.

இப்படியிருக்க, அக்கம்பக்கத்து மன்னர்களிடமிருந்து விருந்து அழைப்புகள் மறுபடி வரத் தொடங்கின. பத்திரபுரி மன்னருக்கும் வாசலைத் திறக்கும் ஞானம் பிறந்தது. தளர்வுத்துறை என்று புதிதாக ஒரு துறையும், அதற்குப் பீதாம்பரம் என்ற அமைச்சரும் உண்டானார்கள். பதினான்கு கட்டுப்பாடுகளை அவர் நாற்பத்தொரு தளர்வுகளாக மாற்றினார்.

அருணகிரி பயணத்துக்கு ஆயத்தமானார். கடையில் மிஞ்சியிருந்த துணியை வெட்டி, பேரனுக்குச் சக்கரம் வைத்த குட்டி சூட்கேஸ் ஒன்று செய்தார். பிறகு தளர்வுகள் ஒவ்வொன்றாக அவர் தலையில் இறங்கின. வெளியே போகிறவர்கள் போகுமுன் கொட்டகையில் தனித்திருக்க வேண்டும். பதினான்கு நாள் ஏழாகத் தளர்த்தப்பட்டது, இரவுகள் தனிக்கணக்கு. அருணகிரி அதே மணல்திட்டில் ஏழு பகலும் ஏழு இரவும் இருந்தார். அவர் பாய்க்கு நேரே சுவரில் யாரோ கரிக்கோடு போட்டு நாள் எண்ணியிருந்தார்கள். ஒன்பது வரிசை. கடைசி வரிசையில் பதின்மூன்று கோடு. அவர் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துப் பார்த்தார். முதுகுக்குத் தெரிந்தது.

நோயில்லை என்று அங்கே தந்த சான்றிதழ் மூன்று நாளுக்குத்தான் செல்லும். மறுகரைக்குக் கப்பல் போய்ச்சேர நான்கு நாள் ஆகும். இதைப் பொதுமக்கள் பணிவோடு சுட்டிக்காட்டியபோது அமைச்சர் பீதாம்பரம் அசரவில்லை. “கப்பலை விரைவாகச் செலுத்துமாறு மாலுமிகளுக்கு அறிவுரை வழங்கப்பட்டுள்ளது. கடலின் ஒத்துழைப்பையும் அரசு எதிர்பார்க்கிறது” என்றார்.

ஆனாலும் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கப்பலோ ஒன்று, இடமோ முந்நூறு. துறைமுகத் தெருவில் ஊரே பழைய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அருணகிரி கடைக்கு வந்தது. பூரணியும் ஒருநாள் வந்தாள்.

“தம்பி பெட்டிண்ணே. ஒரு சக்கரம் போயிடுச்சு. அவன் பிள்ளைங்ககிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடணும்” என்றாள். அருணகிரி அவள் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்து, நாளைக்குத் தருகிறேன் என்றார். சக்கரத்தின் திருகாணியைப் பிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு சவரப்பெட்டி, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலம் தானாகப் பிரிந்தது. கம்பி முறுக்கிய செருப்பு. கடையைப் பாதியில் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலைதான் அமைச்சர் நாற்பத்திரண்டாவது தளர்வை அறிவித்தார். இக்கட்டான காலத்தில் வாரச்சீட்டு எழுதி அரசுக்கு உதவிய உத்தமர்களுக்கே முதல் கப்பல். சீட்டுகள் எல்லாம் கிடங்கில் மூட்டை மூட்டையாகப் பத்திரமாக உள்ளன. வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, எழுதியவர் பெயரும், அவரால் தெரிவிக்கப்பட்டவர் பெயரும் அருகருகே அச்சிட்டு வாசல் சுவரில் ஒட்டப்படும்.

மறுநாள் காலையில் அருணகிரி தளர்வுத்துறை அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றார்.

“ஐயா, என் பேரை மட்டும் எடுத்துடுங்க. நான் கடைசிக் கப்பல்ல போய்க்கிறேன்.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “கௌரவத்தை மறுப்பதற்கு விதியில் இடமில்லை. தாங்கள் எழுதியது உண்மையா, பொய்யா? பொய்யென்றால் பொய்த்தகவல் சட்டம், ஐந்தாண்டு. உண்மையென்றால் முதல் கப்பல். படிவத்தில் மூன்றாவது கட்டம் கிடையாது.”

அருணகிரி நின்று யோசித்தார். எழுதியது உண்மைதான். அதுதானே அவருடைய கஷ்டம். அதற்குக் கட்டம் இல்லை.

பட்டியல் ஒட்டப்பட்டது. தன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நழுவிவிடலாம் என்று வந்த ஊர் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால், தான் ஒருவர்தான் எழுதியதாக ஒவ்வொருவரும் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் மச்சினனை எழுதியிருந்தார். மச்சினன் மளிகைக்கடைக்காரரை. மருமகள் மாமியாரை, மாமியார் அடுத்த வீட்டு மருமகளை. அருணகிரியை, அவருக்குத் தினமும் டீ வாங்கித் தரும் தையல்காரர் இரண்டு தடவை எழுதியிருந்தார்; குடைக்கு ஆள் வந்துபோகிறது என்று. அருணகிரிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட முகம் வேண்டுமே. பதினேழாவது வரியில் அவர் பெயரும், எதிரே பூரணி பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன. பெயர் எழுதாமல் விட்ட குறையை அரசாங்கம் அக்கறையாக நிரப்பியிருந்தது.

பக்கத்தில் இரண்டாவது பட்டியல் ஒன்றும் இருந்தது. தலைப்பு: ஒத்துழைக்காதவர்கள், பயணத் தடை. அதில் ஒரே ஒரு பெயர். ‘பூரணி, துறைமுகத் தெரு. வெறுஞ்சீட்டு, நூற்று நாற்பத்தொன்று.’

அதைப் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் இருந்த ஊரில் ஒருத்திதான் யாரையும் எழுதவில்லை. பேர்போன உபன்யாசகர்கள், ஊருக்கு நியாயம் சொன்னவர்கள், எல்லாரும் முதல் பட்டியலில்தான் இருந்தார்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது கூட்டமாகப் பட்டாலும் பங்கு பிரிந்து குறைவதில்லை.

தெருவைக் குறுக்கே கடக்கப் பன்னிரண்டு எட்டு. சந்தானத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பன்னிரண்டு எட்டையும் நடக்க அருணகிரிக்குச் சாயங்காலம் வரை ஆனது. பூரணி வாசலிலேயே நின்றாள்.

“சக்கரம் சரியாச்சாண்ணே?”

“நான்தாம்மா எழுதினேன்.”

“பார்த்தேன்.” அவள் பெட்டியைத் தொடவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எழுதறப்போ கை நடுங்குச்சா?”

ஆமாம் என்று சொல்லிவிட அவருக்கு ரொம்ப ஆசை. “இல்லம்மா. சாதாரணமாத்தான் எழுதினேன்” என்றார்.

பூரணி புதுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பார்.

“எனக்குக் கப்பல் கிடையாது. நீங்க போங்க” என்றாள் கடைசியில். “போகாம இருந்துடாதீங்க. இந்தப் பெட்டியை அவன் பிள்ளைங்க கையில குடுங்க. யாருன்னு கேப்பாங்க. மறைக்காம சொல்லுங்க.”

கப்பல் புறப்படும் நாளில் பட்டியலின் முதல் முந்நூறு உத்தமர்களும் பெட்டியோடு வாசலுக்கு வந்திருந்தார்கள். கதவு விரியத் திறந்திருந்தது. பாலத்தருகே கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் ஒவ்வொருவரையும் உரிய மரியாதையோடு அழைத்தார். “மைத்துனரைத் தெரிவித்த மளிகை வணிகர் அவர்கள் வருக.” வழியனுப்ப வந்த கூட்டத்தில் மச்சினனும் நின்றுகொண்டிருந்தான். மளிகைக்கடைக்காரருக்கு அந்த நிமிஷம் முழங்காலில் வலி கண்டது. அடுத்தவருக்கு அடுப்பை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த அம்மாள் காது கேட்காதவர் மாதிரி கடலைப் பார்த்தார். பதினாறு பெயருக்கும் யாரும் அசையவில்லை.

“அண்டை வீட்டுப் பூரணியைத் தெரிவித்த அருணகிரி அவர்கள் வருக.”

அருணகிரி தன் பெட்டியை ஒரு கையிலும், சந்தானத்தின் பெட்டியை இன்னொரு கையிலும் இழுத்துக்கொண்டு நடந்தார். குட்டி சூட்கேஸைத் தோளில் மாட்டியிருந்தார். அவர் போட்ட புதுச் சக்கரம் பலகையில் கடகடத்தது. அதைத் தவிர அங்கே ஒரு சத்தமும் இல்லை. அவருக்குப் பின்னால் மிச்சப் பெயர்களும் வாசிக்கப்பட்டன. கப்பல் ஒரே ஒரு பயணியோடு புறப்பட்டது.

அரண்மனையில் முதலில் கொஞ்சம் கலவரப்பட்டார்கள். பிறகு பீதாம்பரம் அறிக்கை விட்டார்: “வாசல் முழுமையாகத் திறக்கப்பட்டும் மக்கள் வெளியேற மறுத்துவிட்டனர். தாய்நாட்டின் மீது அவர்கள் கொண்ட பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?” மன்னர் மகிழ்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். கதவைச் சாத்திவைக்க நூறு காவலர்கள் வேண்டியிருந்தது. திறந்துவைக்க ஒரு வாளிப் பசை போதுமாக இருந்தது. கட்டுப்பாடுகள் அனைத்தும் அன்றே நீக்கப்பட்டன. பத்திரபுரியின் வாசல் இன்றும் திறந்தேதான் கிடக்கிறது. உலகில் அவ்வளவு சுதந்திரமான நாடு வேறில்லை என்று வந்துபோகிற தூதர்களே எழுதுகிறார்கள். பட்டியல் வெயிலில் வெளுக்கும்போது மட்டும் புதிதாக ஒன்று ஒட்டுகிறார்கள்.

மறுகரையில் இறங்கிய அருணகிரி மகள் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையைத் தொடும் முன்பு முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. விலாசத்தை விசாரித்துக்கொண்டு சந்தானத்தின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். சொல்லவேண்டியதை நான்கு நாளும் கப்பலில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தார். ஆனால் கதவு திறப்பதற்குள் அவர் கண் தரைக்குப் போய், வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணி முடித்துவிட்டது. மூன்று ஜோடி. இரண்டு சின்னது.

எண்ணியது தெரிந்ததும் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. தன் செருப்பைக் கழற்றினார். அதை அந்த வரிசையில் விட மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த பெண் முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “யாருங்க நீங்க?”

“பூரணிக்கு எதிர்வீடும்மா” என்றார் அருணகிரி.