பிணை நின்ற மாப்பிள்ளை

என் கையெழுத்து அழகானது என்றொரு நினைப்பு எனக்கு நெடுங்காலம் இருந்தது. கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். ஆகவே அக்காவின் கணவர் ரவி அத்தான், கொழும்பு கொட்டாஞ்சேனையில் அடுக்குமாடி வீடு வாங்கக் கடன் எடுத்தபோது, "தம்பி, பிணைக்கு உன்ர கையெழுத்து வேணும். சும்மா ஒரு ஃபோமாலிட்டிதான்" என்றதும் நான் பேனையைத்தான் தேடினேன். பதினொரு இடத்தில் வைத்தேன். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. (அக்கா எனக்கென்று மட்டன் ரோல்ஸ் செய்து வங்கிக்கே கொண்டுவந்திருந்தாள். எப்படி வாசிப்பது?)

மூன்று வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு அத்தான் வேலை செய்த பயண முகவர் நிலையம் மூடப்பட்டது. அதற்குச் சில மாதம் கழித்து, என் பெயருக்கு வங்கியிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அத்தானுக்கு அனுப்ப வேண்டியதை முகவரி மாறி எனக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றைக்கூட உடைக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகும்போது பத்திரமாகக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். அவரும் "தாங்க்ஸ் தம்பி" என்று வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். இப்படியாக ஆறு கடிதங்கள்.

அந்த நாட்களில்தான் எனக்கும் வத்சலாவுக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. அவளுடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெமட்டகொடையில் முப்பது வருடம் வேலை செய்ததால் அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. என் சிங்களம் பஸ்ஸை விட்டு இறங்க மட்டும் காணும்.

கலியாணத்துக்கு முன் வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு வீடு வாங்கிவிட ஆசைப்பட்டு, வேறொரு வங்கிக்குக் கடன் கேட்கப் போனேன். வத்சலாவின் அப்பாவும், அதாவது என் வருங்கால மாமாவும், துணைக்கு வந்தார். வழியெல்லாம், "மாமா, நான் ஒருத்தருக்கும் ஒரு சதமும் குடுக்க வேண்டி இல்லை" என்று மார் தட்டிக்கொண்டு போனேன்.

வங்கியில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். புருவம் மேலே போயிற்று. சிங்களத்தில் வேகமாக ஏதோ கேட்டாள். எனக்குக் கொட்டாஞ்சேனையின் பெயர் மட்டும்தான் பிடிபட்டது. அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்கிறாள் போலும் என்று, "ஒவ் மிஸ்" என்று ஆமோதித்தேன். இன்னொன்று கேட்டாள். "ஒவ், ஒவ்." மூன்றாவது கேள்விக்கு ஒரு சிரிப்பையும் சேர்த்து "ஒவ்" என்றேன். மாமா எழும்பி வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன்.

"கொட்டாஞ்சேனையில வீடு வச்சிருக்கிறீராம்?" என்றார்.

"ஆர், நானோ?"

"ஓம் எண்டு நீர்தானே சொன்னீர்! நாலு வருசமாம். இப்ப ஆறு மாசமாக் காசும் குடுக்கிறேல்லையாம். அது தெரியுமோ எண்டு கேட்டதுக்கும் ஓம் எண்டு சிரிச்சனீர்."

'வீடு வைத்திருப்பது' என்பதற்கு எங்கள் சனங்களிடையே உள்ள மற்ற அர்த்தம், சின்னவீடு, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா, அங்க அக்கா இருக்கிறா."

"ஆற்றை அக்கா?"

"என்ர அக்கா!"

"அப்ப வாரும். இப்பவே போய்ப் பாப்பம்."

மாமா அதுவரை அக்காவைக் கண்டதில்லை. (பெண் பார்க்கப் போன அன்று அவளுக்குக் காய்ச்சல்.) ஓட்டோவில் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் மனதுக்குள் வத்சலாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.

அக்கா மா பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள். மாமா அவள் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூச்சை விட்டார். எங்கள் குடும்ப மூக்கால் யாருக்காவது பிரயோசனம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னப்பா, சேமிப்பில இருந்து கட்டுறன் எண்டெல்லோ சொன்னீங்கள்?" என்று உள்ளே இருந்த அத்தானைக் கேட்டாள். அத்தான் எழும்பிப் போய் மேசை லாச்சியை இழுத்தார். ஆறு கடிதங்களும் நான் கொடுத்த ஒழுங்கிலேயே கிடந்தன. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்து வாசித்தார். மூன்றாவதில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அவர் கட்டாட்டி நீர் கட்டவேணும் எண்டு கிடக்கு. இது உம்மட பெயர்தானே?"

"ஓம்."

அன்றைக்கு நான் விளங்கிச் சொன்ன ஒரே 'ஓம்' அதுதான்.

அத்தானை ஏச வாயைத் திறந்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவம் எண்டுதான் இருப்பன், தம்பி. நீ கலியாணக் கதையோட சிரிச்சுக்கொண்டு வருவாய். வாய் வராது" என்றார். என் வாயும் மூடிக்கொண்டது. அக்கா கையிலிருந்த காப்பைக் கழற்றத் தொடங்கினாள்.

"திருப்பிப் போடு பிள்ளை அதை," என்றார் மாமா. "முதல்ல வங்கியில போய்க் கதைப்பம். இவ்வளவு நாளும் ஒளிச்சதுதான் பிழை."

மறுநாள் அவரே அத்தானைக் கூட்டிக்கொண்டு போய், மனேஜரோடு ஒன்றரை மணித்தியாலம் சிங்களத்தில் கதைத்து, தவணையைச் சிறிதாக்கிக் காலத்தை நீட்டிக்கொண்டு வந்தார். நிலுவையை அடைக்க, நான் வீட்டு முற்பணத்துக்கென்று சேர்த்தது முழுவதும் போயிற்று. வெள்ளவத்தை வீடும் அதோடு போயிற்று. கலியாணம் மட்டும் போகவில்லை. முடிந்த கையோடு, நானும் வத்சலாவும் கொட்டாஞ்சேனையில் அக்காவின் முன் அறைக்கே வாடகைக்குப் போனோம். நாங்கள் கொடுத்த வாடகை நேரே தவணைக்குப் போனது. அத்தானுக்கு நல்ல வேலை கிடைக்கும்வரை அங்கேதான் குடும்பம் நடத்தினோம். வத்சலாவும் அக்காவும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கப் பழகியதும் அங்கேதான்.

இன்றுவரை நாங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மாமாவோ எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போய், "இவர்தான் எங்கட மருமகன். கலியாணத்துக்கு முன்னமே கொட்டாஞ்சேனையில வீடு வச்சிருந்தவர்" என்று அறிமுகப்படுத்துவார். கேட்டவர்கள் வத்சலாவை இரக்கத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. "ஓம், நானும் அங்க போய் ரெண்டு வருசம் இருந்தனான்" என்பாள்.