விரல் பேசுகிறது, வாயை மூடு

மூன்றாம் மாடிக்குப் போகும் படிகளில் அன்று கால் வைக்க இடமில்லை. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் படியேறி வந்தால்தான் வாக்கு பலிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, இரண்டாம் மாடியில் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்தான்.

"அவருக்குப் பேச்சே வராதாம். விரல் மட்டும் பேசுமாம்."

"என் கடையை எந்தப் பக்கம் திருப்பணும்னு கேக்கணும்."

"கடையையா?"

"வாசலைங்க."

உள்ளே கூடத்தில் கதவளவு பலகை. நம் மொழியில் எழுத்துக்குப் பஞ்சமா? அத்தனையும் எழுதியிருந்தது. எதிரே நாற்காலியில் அந்த வீட்டுப் பிள்ளை. எதையும் கற்றுக்கொள்ள அவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். டாக்டர்கள் அதை அறிவுசார் குறைபாடு என்பார்கள். வயது முப்பத்து நான்கு. அம்மாவுக்கு இன்னும் கைக்குழந்தை. அந்தக் கைக்குழந்தை சலவை நிலையத்தில் படுக்கை விரிப்பு மடித்து மாதச் சம்பளம் வாங்குகிறது என்பது வேறு விஷயம்.

பக்கத்தில் வெள்ளை அங்கியில், அந்த விரலைப் பேசவைக்கும் விரலையா. பிள்ளையின் மணிக்கட்டை அவர் பிடிப்பார். பிள்ளையின் ஆள்காட்டி விரல் எழுத்துக்கு எழுத்து தாவும். அறிவு குறைந்த உடம்பில்தான் பேரறிவு குடியிருக்கும் என்பது அவர் தத்துவம். காணிக்கைப் பெட்டி மட்டும் அந்த வீட்டில் அவருக்கு ஒதுக்கிய அறையில் குடியிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பல் டாக்டர் முன்னால் வந்தார். "சாமி, ரெண்டாவதா ஒரு கிளினிக் திறக்கலாமா?"

"வேணாம்," என்றார் பேச்சு வராதவர். "நீங்க ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குறீங்க."

"உஷ்," என்றது கூட்டம்.

"சும்மா இரு கண்ணு," என்றார் அம்மா. "நீ என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்ல."

விரல் தாவியது. திற, என்றது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அக்கா வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நடுவில் நிற்பவர்களை உள்ளே தள்ளி வழி உண்டாக்குவது அவளுக்குக் கைவந்த கலை.

"அம்மா, சலவை நிலையத்துக்கு எதிர் ஃபிளாட் கிடைச்சிருக்கு. தம்பியும் அவன்கூட மடிக்கிறவரும் சேர்ந்து இருக்கலாம். காலையும் சாயந்திரமும் உதவியாளர் வந்து பாத்துக்குவார். இன்னிக்குள்ள பதில் சொல்லலேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

"நான் யாருடி சொல்றதுக்கு? அவனே நேத்து சொல்லிட்டான், போகமாட்டேன்னு."

"போறேன்னு சொன்னேன்," என்றார் தம்பி.

"அது வாய் சொன்னது. விரல் வேற சொல்லுச்சு."

விரலையா புன்னகைத்தார். "வாய் உடம்போடது தாயே. விரல் ஆத்மாவோடது."

ஆத்மா போய்விட்டால் காணிக்கைப் பெட்டியும் பட்டினி கிடக்கும் என்பதை அவர் சேர்த்துச் சொல்லவில்லை.

அம்மா குரலைத் தாழ்த்தினார். "அடுப்பை எரியவிட்டுத் தூங்கிட்டான்னா? யாராவது ஏமாத்திட்டா? நான் இல்லாத காலத்துல யாருடி அவனைப் பாத்துக்குவா?"

"அதுக்குத்தாம்மா, நீ இருக்கறப்பவே பழகட்டும்னு சொல்றேன்." அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "நேத்து கடைக்குப் போய் நீயா ஒண்ணு வாங்கினியே, இந்தப் பையிலதானே இருக்கு?"

"ஆமா."

"என்னன்னு வாயால சொல்லாதே. விரல் சொல்லட்டும்."

"சரி. ரகசியம்," என்று தம்பி உதட்டை இறுக்கிக்கொண்டார். ரகசியம் காப்பதில் அந்தக் கூடத்திலேயே அவர்தான் நம்பகமானவர்.

விரலையா பையைப் பார்த்தார். பை நீளமாக இருந்தது. கூரையைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விரல் மெல்ல நகர்ந்து, 'அன்பு' என்றது.

"பைக்குள்ள அன்பு," என்று விம்மினார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "என்ன ஆழம் பாருங்க."

அக்கா அன்பை வெளியே எடுத்தாள். கழிவறை தேய்க்கும் பிரஷ்.

"புது வீட்டுக்கு," என்றார் தம்பி.

கூட்டம் பிரஷ்ஷை எட்டிப் பார்த்தது. பிறகு நாற்காலிக்காரர், "அன்பும் அழுக்கைத்தானே போக்குது," என்றார். பலர் தலையாட்டினார்கள்.

"நம்பாதவங்க முன்னாடி விரல் வழுக்கும்," என்றார் விரலையா.

"சரிங்கய்யா, மாத்திப் பாப்போம். தம்பி, நீ ஐயா கையைப் பிடி."

விரிப்பை இழுத்து மடித்துப் பழகிய பிடி. விரலையாவால் அசைய முடியவில்லை. அக்கா பலகைக்கு முன் நின்று பணிவாகக் கேட்டாள்: "ஐயா, வாங்கின காணிக்கையெல்லாம் திருப்பிக் குடுத்துடுறீங்களா?"

தம்பிக்கு வட்டமான எழுத்துகள் பிடிக்கும். விரலையாவின் விரல் அவற்றின் மேலெல்லாம் ஊர்கோலம் போனது. மேலாளர் கூர்ந்து படித்தார். "ல... ழ... ழ... ளூ. தர்றேன்னு சொல்றார்."

"நான் எங்கேய்யா சொன்னேன்?"

"உஷ். விரல் பேசுது," என்றது கூட்டம், பழக்க தோஷத்தில்.

"அது நான் சொல்லலே. கையை விடுப்பா. எனக்குத்தான் வாய் இருக்கே, என்னைக் கேளுங்க."

தம்பி கையை விட்டார். "எனக்கும் இருக்கு," என்றார்.

விரலையா அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பெட்டி இருந்த அறைப் பக்கம் போனார். பல் டாக்டர் அந்தக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். அன்று அவர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது.

அம்மா வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைப் பிள்ளையின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு என்னதான்பா வேணும்?"

"தாழ்ப்பாள். உள்பக்கம். குளிக்கறப்ப யாரும் வரக்கூடாது." கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை நீ வா. மணி அடிச்சுட்டு வா."

அக்கா ஃபிளாட்காரரின் எண்ணைப் போட்டுப் போனைத் தம்பியிடம் நீட்டினாள். "நான் வர்றேன்," என்றார் அவர். யாரும் அவர் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கீழே இறங்கியது. முதல் மாடியைத் தாண்டுவதற்குள் ஒருவர், அடுத்த தெருவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி எதிர்காலம் சொல்கிறதாம் என்றார். போங்கள், தாராளமாகப் போங்கள். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.